அலுவலகத் தொலைபேசித் தகவல் அமைப்பில் ஃபேக்ஸ் வசதியை நிர்வகித்தல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருப்பூர் பனியன் ஏற்றுமதி அலுவலகங்கள், கரூர் ஜவுளி நிறுவனங்கள், கோவையின் பம்புசெட் தொழிற்சாலைகள், மருத்துவமனைகள் ஆகியவற்றில் இபிஏபிஎக்ஸ் என்ற அலுவலக உள்தொலைபேசி நிலையத்தையும் அதனோடு இணைந்த வாய்ஸ்மெயில் அமைப்பையும் கவனித்துக்கொள்ளும் நிர்வாகிகளுக்காக இந்தக் கேள்வி பதில்கள் எழுதப்பட்டுள்ளன. வாய்ஸ்மெயில் அமைப்பு பேச்சைப் பதிந்து வைப்பதுபோலவே ஃபேக்ஸையும் வாங்கி, உரியவரின் மெயில்பாக்ஸில் வைத்து, மின்னஞ்சலுக்கோ பிரின்டருக்கோ அனுப்பக்கூடியது. அனுப்பியவரின் இயந்திரம் ‘போய்ச் சேர்ந்தது’ என்று அச்சிடுவது ஒரு கட்டம்; தாள் உரியவர் பார்வைக்கு வருவது இன்னொரு கட்டம். இவ்விரண்டுக்கும் இடையில் நடப்பதற்கு நிர்வாகியே பொறுப்பு என்ற எண்ணத்தோடுதான் இங்குள்ள பதில்கள் எல்லாம் சொல்லப்படுகின்றன.

இந்தக் காலத்திலும் ஃபேக்ஸ் தேவையா?

அதை முடிவு செய்பவர் எதிர்முனையில் இருப்பவர். ஜப்பானிலும் ஜெர்மனியிலும் ஃபேக்ஸை விடாமல் வைத்திருக்கும் நிறுவனங்கள் இன்னும் இருக்கின்றன. அங்கிருக்கும் பையரிடம் ஆர்டர் வாங்கும் கம்பெனி, அவர் அனுப்பும் வழியில்தான் வாங்கிக்கொள்ள வேண்டும். தனி இயந்திரம் வைத்து, தாளும் டோனரும் போட்டு, அதன் முன் ஒருவரை நிறுத்துவதைக் காட்டிலும், ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் வாய்ஸ்மெயில் அமைப்பிடம் இந்த வேலையைக் கொடுப்பது சிக்கனமானது. வந்த ஒவ்வொரு ஃபேக்ஸுக்கும் தேதி, நேரம், அழைத்த எண், பக்க எண்ணிக்கை ஆகியவை பதிவாகிவிடும் என்பது கூடுதல் நன்மை.

ஒரே எண்ணில் பேச்சும் ஃபேக்ஸும் வரலாமா?

வரலாம். அனுப்பும் இயந்திரம் 1100 ஹெர்ட்ஸ் ஒலியை அரை வினாடி எழுப்பி, மூன்று வினாடி நிறுத்தி, மீண்டும் எழுப்பிக்கொண்டே இருக்கும். தானியங்கி வரவேற்பு அறிவிப்பு ஓடிக்கொண்டிருக்கும்போதே அமைப்பு இந்த ஒலியைக் கேட்டறிந்து, அழைப்பை ஃபேக்ஸ் வாங்கும் பகுதிக்குத் திருப்பிவிடும். மூன்று வினாடி மௌனம் இடையில் வருவதால், நம்பகமாகக் கண்டறிய அமைப்புக்கு நான்கைந்து வினாடியாவது அவகாசம் தேவை. அறிவிப்பு அதைவிடக் குறுகியதாக இருந்தால் முடிவில் சற்று மௌனத்தைச் சேர்த்துப் பதியுங்கள்.

இந்த ஏற்பாடு தவறும் இடங்கள் இரண்டு உண்டு. முதல் மணியிலேயே ஆபரேட்டர் எடுக்கும்படி வைத்திருந்தால் அறிவிப்பே ஓடாது. அமைப்பு கேட்க வேண்டிய ஒலி ஆபரேட்டரின் காதில் விழும். அவருடைய போனில் ஃபேக்ஸ் எக்ஸ்டென்ஷனுக்கு மாற்றும் பொத்தான் ஒன்றை அமைத்துக் கொடுத்து, ஒலி கேட்டவுடன் அழுத்தச் சொல்லுங்கள். எதிர் இயந்திரம் ஏறத்தாழ 35 வினாடி மட்டுமே காத்திருந்து துண்டித்துவிடும் என்பதையும் அவரிடம் சொல்லி வையுங்கள். இரண்டாவதாக, ரிசீவரை எடுத்துக் கையால் டயல் செய்து, பதில் வந்த பிறகு ஸ்டார்ட் பொத்தானை அழுத்துகிறவர்களின் பழைய இயந்திரங்கள் பல அந்த அழைப்பு ஒலியை எழுப்புவதே இல்லை. அவர்களுக்காக, ‘ஃபேக்ஸ் அனுப்ப மூன்றை அழுத்தவும்’ என்பது போன்ற ஒரு வரி அறிவிப்பில் இருக்க வேண்டும்.

ஆஸ்டரிஸ்க் என்ற தொலைபேசி மென்பொருள் சார்ந்த அமைப்பு வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு: ஒலி கண்டறியப்பட்டவுடன் அழைப்பு, டயல்பிளானில் (எந்த அழைப்பு எங்கே போக வேண்டும் என்ற விதிப் பட்டியலில்) ‘ஃபேக்ஸ்’ என்ற பெயருள்ள எக்ஸ்டென்ஷனுக்குத் தாவும். அந்த எக்ஸ்டென்ஷனை எழுதாமல் விட்டிருந்தால் கண்டறிந்தும் பயனில்லை.

இவ்வளவுக்குப் பிறகும் என் பரிந்துரை, தனி எண்தான். பிஆர்ஐ (டிஜிட்டல் தொலைபேசித் தடம்) அல்லது சிப் (இணையவழித் தொலைபேசி) இணைப்போடு கிடைக்கும் நேரடி எண் வரிசையில் ஒன்றை ஃபேக்ஸுக்கென ஒதுக்கி, லெட்டர்ஹெட்டில் அச்சிட்டுவிட்டால், கண்டறிதல் பற்றிய கவலைகள் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

ஒவ்வொருவருக்கும் ஃபேக்ஸ் மெயில்பாக்ஸ் கொடுக்கலாமா, துறைக்கு ஒன்று போதுமா?

பெரும்பாலான அமைப்புகளில் மெயில்பாக்ஸ் ஒவ்வொன்றும் ஒரு உரிமை வகுப்பைச் சேர்ந்திருக்கும். ஃபேக்ஸ் வாங்கலாமா, அனுப்பலாமா, வெளிநாட்டுக்கு அனுப்பலாமா, எத்தனை நாள் வைத்திருக்கலாம் என்பதையெல்லாம் அந்த வகுப்பு முடிவு செய்யும். அனைவருக்கும் எல்லா உரிமைகளையும் திறந்துவிடுவது எளிது என்பதால் பலர் அப்படியே செய்துவிடுகிறார்கள். அதன் விளைவு, பையர் அனுப்பிய அளவுப் பட்டியல் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சன்டைசர் ஒருவர் விடுப்பில் சென்றிருக்க, அவருடைய பெட்டியில் யாரும் பார்க்காமல் கிடப்பதுதான்.

வாங்குவதைத் துறைவாரியாக வையுங்கள். மெர்ச்சன்டைசிங்குக்கு ஒன்று, ஷிப்பிங்குக்கு ஒன்று, கணக்குக்கு ஒன்று என்று பெட்டிகளைப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் பொறுப்பான ஒருவரையும், அவர் இல்லாதபோது பார்க்கும் மாற்று ஆளையும் பெயர் குறித்து வைக்க வேண்டும். மருத்துவமனையில் நோயாளியின் அறிக்கை, அலுவலகத்தில் சம்பள விவரம் போன்ற மறைவாக இருக்க வேண்டியவை வருகிறவர்களுக்கு மட்டும் தனிப்பெட்டி கொடுங்கள்.

வந்த ஃபேக்ஸ் மின்னஞ்சலுக்குப் போக வேண்டுமா, பிரின்டருக்கா?

இரண்டுக்குமே இடம் உண்டு. பிடிஎஃப் இணைப்பாக மின்னஞ்சலுக்கு அனுப்புவது தேடவும் சேமிக்கவும் ஏற்றது. ஆனால் கம்ப்யூட்டர் முன் உட்காராத இடங்களில், உதாரணமாகக் கட்டிங் பிரிவின் மேற்பார்வையாளருக்கோ டெஸ்பாட்ச் குடோனுக்கோ, அச்சான தாள் மட்டுமே பயன்படும். நேரடியாக அச்சிடும்படி வைத்தாலும் ஒரு நகல் பெட்டியில் தங்கும்படி அமையுங்கள். பிரின்டரில் தாள் தீர்ந்தாலோ சிக்கினாலோ மீண்டும் அச்சிட அதுதான் கைகொடுக்கும்.

போனில் விளக்கு எரிவதையும் அறிவிப்பையும் சோதித்துப் பாருங்கள். ‘ஒரு புதிய செய்தி உள்ளது’ என்று மட்டும் சொல்லும் அமைப்பைவிட, ‘மூன்று பக்க ஃபேக்ஸ் உள்ளது’ என்று சொல்லும்படி அமைக்கக்கூடியது மேலானது. அனுப்பியவர் நான்கு பக்கம் என்று சொல்லியிருந்தால் ஒரு பக்கம் குறைவது அங்கேயே தெரிந்துவிடும்.

ஃபேக்ஸ்கள் அதிக இடத்தைப் பிடித்துக்கொள்ளாதா?

எழுத்து மட்டும் உள்ள பக்கம் சுருக்கப்பட்ட பிறகு சில பத்துக் கிலோபைட்டுக்குள் அடங்கும். சுருக்காமல் பதிந்த பேச்சு வினாடிக்கு 8,000 பைட், நிமிடத்துக்கு 480 கிலோபைட் பிடிக்கும். ஆகவே ஒரு பக்கத்துக்கான இடம் சில வினாடிப் பேச்சுக்குச் சமம். புகைப்படமோ சாம்பல் நிற நிழலோ உள்ள பக்கங்கள் மட்டும் பல மடங்கு பெருகும். துணியின் பிரின்ட் டிசைனை ஃபேக்ஸில் அனுப்புவது அதனாலும், தெளிவாக வராது என்பதாலும் வீண்.

மெயில்பாக்ஸ் நிரம்பிவிட்டால் என்ன ஆகும்?

நிர்வாகி முதல் நாளே விடை தெரிந்து வைத்திருக்க வேண்டிய கேள்வி இது. அமைப்புக்கு அமைப்பு நடைமுறை மாறும். சில, பெட்டி நிரம்பியிருப்பது தெரிந்தால் அழைப்பையே ஏற்காது. எதிர்முனை இயந்திரம் தோல்வி என்று அச்சிடும், அனுப்பியவருக்கு உடனே தெரியும். சில, அறிவிப்பை ஒலிக்கவிட்டுத் துண்டிக்கும். இயந்திரத்துக்குப் பேச்சு புரியாததால் அது திரும்பத் திரும்ப முயலும். மிக மோசமானது, பக்கங்களை முழுவதும் வாங்கிக்கொண்டு ‘சரி’ என்று பதில் அனுப்பிய பிறகு, பெட்டியில் வைக்க இடமில்லாமல் தள்ளிவிடுவது. அப்போது அனுப்பியவர் கையில் வெற்றி அறிக்கை இருக்கும். உங்களிடம் எதுவுமே இருக்காது. ‘ஃபேக்ஸ் வந்துச்சுங்களா?’ என்று முதலாளி கேட்கும்போது இரு தரப்பும் உண்மையைத்தான் சொல்வார்கள், ஆனாலும் ஆர்டர் நழுவியிருக்கும்.

உங்கள் அமைப்பு இவற்றில் எதைச் செய்கிறது என்பதைக் கையேட்டை மட்டும் நம்பாமல், ஒரு சோதனைப் பெட்டியை வேண்டுமென்றே நிரப்பி, வெளியிலிருந்து ஒரு ஃபேக்ஸ் அனுப்பிப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். பிறகு, நிரம்பிய பெட்டிக்கு வருவது ஒரு பொதுப் பெட்டிக்கு வழிந்தோடும்படியும், எண்பது சதவீதம் நிரம்பியவுடன் உங்களுக்கு எச்சரிக்கை வரும்படியும் வையுங்கள். தீபாவளிக்குத் தொழிலாளர்கள் ஊருக்குப் போய் அலுவலகமும் பல நாள் மூடிக்கிடக்கும் காலத்தில், பையரின் நாட்டில் விடுமுறை இல்லை என்பதை நினைவில் வைத்து, விடுமுறைக்கு முந்தின நாளே பழையவற்றை எடுத்து ஆவணக் கோப்புக்கு மாற்றிவிட்டுப் பெட்டிகளைக் காலியாக வைப்பது நல்லது.

சிப் இணைப்புக்கு மாறிய பிறகு பேச்சு தெளிவாக இருக்கிறது. ஃபேக்ஸ் மட்டும் இரண்டாம் பக்கத்தில் அறுந்துபோகிறதே, ஏன்?

அதிகமாக வரும் புகார் இதுதான். மனிதக் காதுக்குச் சிறு இடைவெளி தெரியாது. மோடம் ஒலிக்கு அது பெரிய பள்ளம். இணையவழிப் பேச்சு பொதுவாக 20 மில்லிவினாடிப் பொட்டலங்களாகச் செல்கிறது. வினாடிக்கு 14,400 பிட் வேகத்தில் ஃபேக்ஸ் ஓடும்போது ஒரே ஒரு பொட்டலம் தொலைந்தாலும் 288 பிட் போய்விடும். பேசுகிறவருக்கு அது ஒரு சிறு ‘டிக்’ ஒலியாகக்கூடத் தோன்றாது.

முதலில் கோடெக்கை, அதாவது ஒலியை டிஜிட்டல் தகவலாக மாற்றும் முறையைப் பாருங்கள். பேச்சின் இயல்பை வைத்துச் சுருக்கும் ஜி.729 போன்ற கோடெக்குகளில் ஃபேக்ஸ் ஒலி சிதைந்துவிடும், ஜி.711, அதிலும் இந்தியத் தொலைபேசி வலையமைப்பில் வழங்கும் ஏ-லா வகை, இறுதிவரை மாறாமல் இருக்க வேண்டும். மௌனத்தை வெட்டும் வசதியை அணைத்து, பொட்டல நேர ஏற்ற இறக்கத்தைச் சமாளிக்கும் பஃபரைத் தானாக மாறாத நிலையான அளவில் நிறுத்துங்கள்.

அடுத்தது டி.38. இது ஃபேக்ஸின் ஒலியை அனுப்பாமல், அதனுள் இருக்கும் தகவலை மட்டும் பிரித்தெடுத்துப் பொட்டலங்களில் அனுப்பும் முறை. ஒவ்வொரு பொட்டலத்திலும் முந்தையவற்றின் நகலையும் சேர்த்து அனுப்ப வழி உள்ளதால், ஓரிரண்டு தொலைந்தாலும் தாங்கும். உங்கள் அமைப்பும், இருவகைத் தடங்களை இணைக்க இடையிலுள்ள கேட்வே கருவியும், இணைப்பு கொடுக்கும் நிறுவனமும் ஆகிய மூன்று தரப்பும் இதை ஆதரித்தால்தான் பயன். அழைப்பு பேச்சாகத் தொடங்கி நடுவில் டி.38-க்கு மாறும் தருணத்தில் ஃபயர்வால் புதிய போர்ட்டை மறித்துவிடுவது சர்வசாதாரணம்; ஒலி கண்டறியப்பட்ட உடனேயே அழைப்பு அறுந்தால் அங்கே தேடுங்கள்.

வேகத்தையும் குறைத்துப் பாருங்கள். 33,600 பிட் வேகத்தை அணைத்து 14,400-இல் நிறுத்துவது முதல் படி. பிழை நீடித்தால் 9,600. ஒரு பக்கத்துக்குச் சில வினாடி கூடும், அவ்வளவே. பிழை திருத்தும் முறையான இசிஎம்மைப் பொதுவாக இயக்கத்திலேயே வைத்திருங்கள். அது பக்கத்தைச் சிறு துண்டுகளாகப் பிரித்து, கெட்டுப்போனதை மட்டும் திரும்பக் கேட்டு வாங்கும். பொட்டலங்கள் ஓயாமல் தொலையும் இணைப்பில் இது திரும்பத் திரும்பக் கேட்டு நேரத்தைத் தின்று கடைசியில் அறுந்துபோகும். அப்போது இசிஎம்மை அணைத்தால் கோடுகள் விழுந்த பக்கமாவது வந்து சேரும். ஆனால் எண்கள் நிறைந்த தாளுக்கு அந்த வழியை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

எங்களிடம் இருப்பது பிஆர்ஐ, இணையமே இல்லை. அப்படியும் அறுகிறதே?

கடிகார ஒத்திசைவைச் சோதியுங்கள். பிஆர்ஐ வரும் இ1 இணைப்பு வினாடிக்கு 2.048 மெகாபிட் வேகத்தில் ஓடுகிறது. அதன் நேரத் துடிப்பை உங்கள் இபிஏபிஎக்ஸ் தொலைபேசி நிலையத்திடமிருந்து பெற வேண்டும். சொந்தக் கடிகாரத்தில் ஓடும்படி வைத்திருந்தால் அவ்வப்போது ஒரு துணுக்கு வழுவும். பேச்சில் தெரியாத அந்த வழுவல் ஃபேக்ஸை அறுக்கும். இபிஏபிஎக்ஸின் பிழைக் கணக்கில் ‘ஸ்லிப்’ என்ற எண்ணிக்கை கூடிக்கொண்டே போனால் காரணம் அதுதான்.

அழைப்புகளின் விவரம் பதிவாகும் லாக் கோப்பில் வரும் எழுத்துக்களை எப்படிப் படிப்பது?

ஃபேக்ஸ் இயந்திரங்கள் இரண்டும் பக்கத்தை அனுப்புவதற்கு முன்னும் பின்னும் வினாடிக்கு 300 பிட் என்ற மெதுவான வேகத்தில் பேசிக்கொள்கின்றன, டி.30 என்ற விதிமுறை அதை வகுத்திருக்கிறது. வாங்குபவர் தன் திறன்களை டிஐஎஸ் என்ற செய்தியில் சொல்வார். அனுப்புபவர் அவற்றிலிருந்து தேர்ந்ததை டிசிஎஸ் என்று அறிவித்து, டிசிஎஃப் என்ற ஒன்றரை வினாடிச் சோதனை ஓட்டத்தை அனுப்புவார். அது சரியாக வந்தால் சிஎஃப்ஆர், வராவிட்டால் எஃப்டிடி. பக்கம் முடிந்ததும் இன்னும் உண்டு என்றால் எம்பிஎஸ், முடிந்தது என்றால் இஓபி. நல்லபடியாக வந்த பக்கத்துக்கு எம்சிஎஃப், கெட்டு வந்ததற்கு ஆர்டிஎன். கடைசியில் டிசிஎன் வந்தால் இணைப்பு முடிந்தது.

ஒரு பதிவில் டிஐஎஸ், டிசிஎஸ், எஃப்டிடி, டிசிஎஸ், எஃப்டிடி, டிசிஎஸ், சிஎஃப்ஆர் என்று இருந்தால், வேகத்தை இருமுறை குறைத்த பிறகே சோதனை தேறியது என்று பொருள். தடத்தில் இரைச்சல் இருக்கிறது. டிஐஎஸ் மட்டும் திரும்பத் திரும்ப வந்து டிசிஎஸ் வராவிட்டால், நீங்கள் பேசுவது எதிர்முனைக்குக் கேட்கவில்லை, அல்லது அழைத்தது ஃபேக்ஸ் இயந்திரமே இல்லை. மனிதர் யாரோ எண்ணைத் தவறாக டயல் செய்திருக்கலாம். எம்சிஎஃப் வரை எல்லாம் ஒழுங்காக இருந்தும் பெட்டியில் எதுவும் இல்லையென்றால், தொலைபேசித் தடத்தை விட்டுவிட்டு, மாற்றும் மென்பொருள், மின்னஞ்சல் சர்வர், பெட்டியின் அளவு ஆகியவற்றைப் பாருங்கள்.

ஆர்டிஎன் மட்டும் ஒரு தனிக் குழப்பம். பக்கம் கெட்டு வந்தது என்று நீங்கள் சொன்ன பிறகு, சில இயந்திரங்கள் அதையே மறுபடி அனுப்பும், சில அடுத்த பக்கத்துக்குப் போகும், சில துண்டித்துவிடும். ஒரே பக்கம் இருமுறை வந்திருக்கிறது என்று கணக்குப் பிரிவினர் சொன்னால் முதலில் இதைத் தேடுங்கள். இரண்டு தாள்களையும் இரண்டு பில் என்று எடுத்துக்கொண்டுவிடக் கூடாது.

அளவுப் பட்டியலில் 3-ஆ 8-ஆ என்று தெரியவில்லை. சரிசெய்ய முடியுமா?

சாதாரணத் தெளிவில் ஃபேக்ஸ் ஒரு மில்லிமீட்டருக்கு 3.85 வரிகளை மட்டுமே படிக்கிறது. ஃபைன் தெளிவில் 7.7 வரி. கிடைவாட்டில் இரண்டிலும் மில்லிமீட்டருக்கு 8 புள்ளிகள்தான். ஆகவே இரண்டு மில்லிமீட்டர் உயரமுள்ள ஓர் இலக்கம் சாதாரணத் தெளிவில் ஏழெட்டு வரிகளுக்குள் அடங்க வேண்டியிருக்கிறது. 8-இன் இடது வளைவுகள் கரைந்து அது 3-ஆகிவிடுவது அங்கேதான். நீங்கள் அனுப்பும்போது ஃபைன் என்பதை இயல்புநிலையாக வையுங்கள். வாங்கும்போது தெளிவைத் தேர்வு செய்பவர் அனுப்புகிறவர் என்பதால், உங்கள் அமைப்பு ஃபைன் தெளிவை ஏற்பதாக டிஐஎஸ்ஸில் அறிவிக்கும்படி வைத்துவிட்டு, பையருக்கு ஒரு வரி எழுதிக் கேளுங்கள். மார்புச் சுற்றளவில் ஓர் இலக்கம் தவறினால் வெட்டிய துணி முழுவதும் வீணாகிவிடும் தொழிலில் இப்படிக் கேட்பதற்குத் தயங்க வேண்டியதில்லை.

வெளியே அனுப்பும் ஃபேக்ஸ்களுக்கு என்னென்ன அமைக்க வேண்டும்?

ஒவ்வொரு பக்கத்தின் உச்சியிலும் அச்சாகும் வரியில் நிறுவனத்தின் பெயரும் எண்ணும் சரியாக இருக்கட்டும். எதிர் இயந்திரத்துக்குக் காட்டப்படும் அடையாள எண்ணில் இருபது எழுத்துக்கு மேல் இடமில்லை. திருப்பூர் என்றால் 0421 என்று எழுதாமல், பூஜ்யத்தை நீக்கி +91 421 என்று தொடங்குங்கள். வெளிநாட்டில் இருப்பவர் அதைப் பார்த்துத் திருப்பி அழைக்க முடியும். அமைப்பின் கடிகாரத்தை இணைய நேர சர்வரோடு இணைத்துவிடுங்கள். தேதி தவறாக அச்சான ஃபேக்ஸ், தகராறு வரும்போது சாட்சியாக நிற்காது.

மறுமுயற்சி விதிகளில் நிதானம் தேவை. எதிர் எண் பிஸியாக இருந்தால் சில நிமிட இடைவெளியில் மூன்று நான்கு முறை முயலலாம். மனிதக் குரல் பதில் சொன்னால் உடனே நிறுத்திவிட வேண்டும்; எண் தவறாக இருக்கும் வாய்ப்பு அதிகம். திருப்பூரில் காலை பத்து மணி என்பது ஜெர்மனியில் குளிர்காலத்தில் அதிகாலை ஐந்தரை. தவறான எண்ணுக்கு நம் அமைப்பு விடாமல் அழைத்தால், ஒரு வீட்டில் உறங்குபவர்களை அது எழுப்பிக்கொண்டே இருக்கும்.

பலருக்கு ஒரே ஃபேக்ஸை அனுப்பும் வசதியை யாருக்குக் கொடுப்பது?

ஒருவருக்கு அல்லது இருவருக்கு மட்டும். விலைப்பட்டியலை ஒரு வாடிக்கையாளருக்கு அனுப்புவதற்குப் பதில் எல்லோருக்கும் அனுப்பிவிட்டால் திரும்பப் பெற வழியில்லை.

பாதுகாப்பில் எதைக் கவனிக்க வேண்டும்?

வெளியிலிருந்து பெட்டிக்குள் நுழைந்து, அதில் இருக்கும் ஃபேக்ஸைத் தான் சொல்லும் எண்ணுக்கு அனுப்பச் சொல்லும் வசதி பல அமைப்புகளில் உண்டு. 1234 போன்ற கடவு எண்ணோடு அது திறந்திருந்தால், உங்கள் செலவில் யாரும் வெளிநாட்டுக்கு அழைக்கலாம். பில் வந்த பிறகுதான் தெரியும். ஐஎஸ்டி உரிமையைத் தேவைப்படும் நாடுகளுக்கு மட்டும் கொடுத்து, இரவில் பூட்டி வையுங்கள்.

ஃபேக்ஸ் தடம் வழியாக எந்தத் தாக்குதலும் வராது என்ற நம்பிக்கை 2018-இல் உடைந்தது. செக் பாயின்ட் நிறுவனத்தின் ஆய்வாளர்கள், எச்பியின் ஆல்-இன்-ஒன் பிரின்டர் ஒன்றை ஒரு ஃபேக்ஸ் எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு கைப்பற்றி, அதன் வழியாக அலுவலக வலையமைப்புக்குள் நுழைந்து காட்டினர். பழுதை நீக்கும் மென்பொருள் வெளிவந்துவிட்டது. அதை ஏற்றியிருக்கிறீர்களா என்பதே கேள்வி. பல்பயன் பிரின்டரில் தொலைபேசி வயர் செருகியிருந்தால், அதைக் கணக்குப் பிரிவின் கம்ப்யூட்டர்கள் இருக்கும் வலையமைப்பிலிருந்து பிரித்து வையுங்கள்.

கரன்ட் போனால்?

இபிஏபிஎக்ஸ், சர்வர், நெட்வொர்க் ஸ்விட்ச், இணைப்பு நிறுவனத்தின் மோடம் ஆகிய நான்கும் யுபிஎஸ்ஸில் இருக்க வேண்டும். முதல் இரண்டை மட்டும் இணைத்துவிட்டுச் சுவரில் தொங்கும் மோடத்தை மறந்துவிடுவதைப் பல அலுவலகங்களில் பார்க்கலாம்.

ஊழியர் ஒருவர் வேலையை விட்டு நின்றால் அவருடைய ஃபேக்ஸ் எண்ணை என்ன செய்வது?

அன்றே நீக்கிவிடாதீர்கள். பையரின் இயந்திரத்தில் அந்த எண் ஒற்றைப் பொத்தானில் பதிந்திருக்கும். ஆள் மாறிய செய்தி அங்கே போய்ச் சேர ஒரு சீசனாவது ஆகும். பெட்டியின் கடவு எண்ணையும் மின்னஞ்சல் முகவரியையும் அன்றைக்கே மாற்றி, வருவதெல்லாம் அவருடைய இடத்துக்கு வந்தவருக்கோ துறைப் பெட்டிக்கோ போகும்படி திருப்புங்கள். ஆறு மாதம் கழித்து லாக் கோப்பைப் பார்த்து, அந்த எண்ணுக்கு இன்னும் எழுதுகிறவர்களுக்குப் புதிய எண்ணைத் தெரிவித்துவிட்டு, பிறகு மூடலாம்.